பொறியியல் சீட் கிடைத்தாகிவிட்டது, அதற்குப் பிறகு?

#1 மல்லிகா_சயான் | சனி, இரவு 9.40 | திங்கள் காலை திருத்தப்பட்டது

மும்பைத் தமிழர்களில் படித்தவர், படிக்க வைத்தவர், படிப்பைப் பாதியில் விட்டவர் எல்லோரும் வந்துபோகும் இடம் என்பதால் இங்கே கேட்கிறேன்.

தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், சனி ஞாயிறு மாலைகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடமாக இதுதான் என் பொழுது. இந்த வருடம் எங்கள் அறையிலிருந்து முதல் முறையாக ஒரு பையன், வெளிமாநிலத்தில் மத்திய அரசின் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் சேர்ந்தான். எட்டாவது வரை தமிழ் வழி. பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். [இங்கே அவன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்த நான்கு வரிகளை நீக்கிவிட்டேன். காரணம் கீழே பதினான்காம் பதிவில்.]

விடுமுறைக்கு வந்திருக்கிறான். முதல் பருவத்தில் மூன்று பாடம் போய்விட்டது. அதில் ஒன்று கணக்கு என்பதுதான் என்னைக் குத்துகிறது. ஜனவரியில் திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். ஏன் என்று கேட்டால், ‘அங்கே எல்லோருக்கும் எல்லாமே ஏற்கெனவே தெரிந்திருக்கிறது டீச்சர்’ என்ற ஒரு வரிக்கு மேல் வாய் திறக்கவில்லை.

உள்ளே அனுப்புவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உள்ளே போன பிள்ளையை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அறிவுரை வேண்டாம், செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

#2 குமரேசன்_சாக்கிநாக்கா | சனி, இரவு 10.15

அம்மா, வருத்தமான செய்திதான். கோபப்படாமல் கேளுங்கள். ஐஐடி நுழைவுத் தேர்வில் பொதுப் பட்டியலுக்கு ஒரு மதிப்பெண் வைக்கிறார்கள், அதில் பாதி எடுத்தால் போதும் என்று இவர்களை உள்ளே விடுகிறார்கள். விட்ட பிறகு பாடத்தைப் பாதியாக்குவதில்லை. என் பட்டறையில் பன்னிரண்டு எம்எம் துளையில் பத்து எம்எம் தண்டை மாட்டினால் ஆடத்தான் செய்யும். தண்டைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பொருந்தும் துளையில் மாட்டியிருக்கலாமே என்கிறேன். இதே பையன் இங்கே ஏதாவது ஒரு சாதாரணக் கல்லூரியில் சேர்ந்திருந்தால் வகுப்பிலேயே முதல் ஆளாக இருந்திருப்பான்.

#3 ஆயிஷா_சீத்தாகேம்ப் | சனி, இரவு 10.22

தண்டு வளராது அண்ணாச்சி. பையன் வளருவான்.

#4 கரும்பலகை | சனி, இரவு 11.50

குமரேசன் ஐயா, அந்தப் பாதி மதிப்பெண்ணைக்கூட எடுக்காதவன் நான். அப்படி விழுகிறவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்கள் சிலருக்கு ஐஐடிகளில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு ஒன்று உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம். அதில் தேறினால் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதாமல் அடுத்த வருடம் முதலாண்டில் சேர்ந்துகொள்ளலாம். 2008இல் நான் அந்த வழியில் போனேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஊரைப் பற்றியதாகிவிடும்.

ஆயத்த வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகப் படித்த வருடம். ஒரு சின்ன வகுப்பு, எல்லோரும் ஒரே கதியில் வந்தவர்கள். யாரும் யாரிடமும் ரேங்க் கேட்கவில்லை. அடுத்த வருடம் விடுதி மாறிய முதல் இரவிலேயே மூன்று கேள்விகள் வந்தன: பெயர் என்ன, ஊர் எது, ரேங்க் என்ன. மூன்றாவதுக்கு நான் பதில் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ‘ஓ’ என்பார்கள். அவ்வளவுதான். அந்த ‘ஓ’வைப் பற்றி எந்தக் குழுவிடம் புகார் கொடுப்பது?

நுண்கணித வகுப்பில் பேராசிரியர் ஒரு நிறுவலைப் பாதி வரை எழுதுவார், ‘டிரிவியல்’ என்பார், அடுத்ததற்குப் போய்விடுவார். அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அகராதியில் பார்த்தேன். ‘அற்பமானது’ என்று போட்டிருந்தது. அந்த அற்பமான இரண்டு வரிகளை அன்று இரவு நான்கு மணி நேரம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வந்துவிட்டது. ஆனால் மற்ற பாடங்களின் வேலை அப்படியே கிடந்தது. பக்கத்து அறையில் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்து அதையே பத்து நிமிடத்தில் முடித்திருந்தார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவர்கள் ராஜஸ்தானின் கோட்டாவில் ஒரே பயிற்சி மையத்தில் இரண்டு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.

மூன்றாவது பருவத்தில் ஒரு சீனியர், தெலுங்குக்காரர், என் அறைக் கதவைத் தட்டி, ‘பழைய வினாத்தாள் கட்டு ஒன்று இருக்கிறது, தனியாகப் போட எனக்கு அலுப்பாக இருக்கிறது, வா’ என்றார். அவருக்கு அலுப்பெல்லாம் ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பொய்க்கு இன்றுவரை நான் கடன்பட்டிருக்கிறேன்.

மல்லிகா அம்மா, உங்கள் பையன் சொன்ன வரி உண்மை இல்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் அப்படித் தோன்றும்.

#5 குமரேசன்_சாக்கிநாக்கா | ஞாயிறு, காலை 7.05

கோட்டாவுக்கு அனுப்பக் காசு இருந்தவன் முன்னால் போனான் என்கிறீர்கள். அப்படியென்றால் இது காசுப் பிரச்சினை. சாதியை ஏன் நடுவில் கொண்டுவர வேண்டும்? என் மகனுக்கும் நான் கடன் வாங்கித்தான் பயிற்சிக் கட்டணம் கட்டினேன்.

#6 அன்பழகன்_முலுண்டு | ஞாயிறு, காலை 8.30

அண்ணாச்சி, கடன் வாங்கியது எனக்கும் தெரியும். உங்கள் மகனுக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்ததே நான்தானே. மத்தியக் கல்வி நிறுவனங்களில் அந்த 27 சதவீத ஒதுக்கீடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, 2008இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்கு முன்னால் உங்கள் மகன் கல்லூரிக்குப் போயிருந்தால் கடனும் பயிற்சியும் மட்டும் போதாமல் போயிருக்கும்.

மல்லிகா அம்மா பாடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எனக்குப் பாடம் தெரியாது, காகிதம் தெரியும். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் காகிதம் நகர்த்தியவன். நம் பிள்ளைகள் பாதிப் பேர் கணக்கில் விழுவதற்கு முன்னால் காகிதத்தில் விழுந்துவிடுகிறார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

தாராவியிலிருந்து மாட்டுங்காவில் இருக்கும் விஜேடிஐக்கு நடந்தே போகலாம். 1887இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, மாநில நுழைவுத் தேர்வு வழியாகச் சேர வேண்டியது. ஆனால் நெல்லையிலிருந்து வந்த ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கே மாநிலத்தின் பட்டியல் சாதி இடம் கிடைக்காது. பட்டியல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இதைத் தீர்மானித்த வழக்கும் இந்த ஊரில்தான் பிறந்தது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு சமூகத்துப் பையன், தந்தையின் வேலையால் பம்பாயில் வளர்ந்தவன், பரேலில் இருக்கும் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீடு கேட்டான். சொந்த மாநிலத்துத் தகுதியைக் குடியேறிய மாநிலத்தில் கேட்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இன்றுவரை அதுதான் சட்டம்.

ஆனால் மத்திய நிறுவனங்களில் அந்தத் தகுதி செல்லும். 1985இலேயே மத்திய உள்துறை அமைச்சகம் எழுதிய கடிதம் இருக்கிறது: குடிபெயர்ந்தவர் தன் தகுதியை இழப்பதில்லை, தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் பிள்ளைக்கு இங்கேயே சான்றிதழ் தரலாம். பிரச்சினை எங்கே என்றால் தந்தையிடம் சான்றிதழே இருக்காது. பதினாறு வயதில் ரயிலேறி வந்து தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த மனிதருக்கு அது எதற்கு? ஆக, பிள்ளையின் ஜூன் மாதச் சேர்க்கைக்கு அப்பாவின் பெயரில் ஊரில் ஒரு காகிதம் வாங்க வேண்டும். தாசில்தார் விடுப்பில் இருப்பார்.

கடைசி நாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகள். 2021இல் மும்பை ஐஐடியில் இடம் கிடைத்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர் இணையத்தில் கட்டணம் செலுத்த முடியாமல் இடத்தை இழந்தார். 2024இல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்குத் தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடம், 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாததால் போனது. இரண்டு பேருக்கும் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரமான அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. டெல்லிவரை போனவர்கள் இரண்டு பேர். போகாதவர்களை யார் எண்ணினார்கள்?

#7 குமரேசன்_சாக்கிநாக்கா | ஞாயிறு, காலை 8.41

என் மகன் விஷயத்தை இங்கே இழுக்க வேண்டுமா, அன்பு?

#8 நெறியாளர் | ஞாயிறு, காலை 11.00

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்கு ஒரு வாரம் தடை. இழை திறந்தே இருக்கும்.

#9 தேன்மொழி_வாஷி | ஞாயிறு, மதியம் 2.20

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். கரும்பலகை எழுதிய அந்தப் பக்கத்து அறை ஆறு பேரைப் படித்ததும் எனக்கு வேறொரு ஊர் நினைவுக்கு வந்தது.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். பேராசிரியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள்: ஆர்வம் இல்லை, பள்ளிப் படிப்பு சரியில்லை, வீட்டில் அக்கறை இல்லை, வறுமை. அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் மாய்ந்து மாய்ந்து படித்தார்கள், ஆனால் தனியாக. நண்பர்கள் வேறு, படிப்பு வேறு என்று வைத்திருந்தார்கள். சீன மாணவர்கள் தனியாகக் கொஞ்சம் போட்டுவிட்டு இரவில் கூடுவார்கள். ஒருவர் விடையை ஒருவர் திருத்துவார்கள், எந்தக் கணக்கு யாருக்குமே வரவில்லை என்பதையும் அங்கே தெரிந்துகொள்வார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி விஷயம்தான் பெரிது. யாருக்குமே வராத கணக்கு எனக்கும் வரவில்லை என்றால் நான் முட்டாள் இல்லையே.

பிறகு அவர் கறுப்பின மாணவர்களுக்கும் அப்படி ஒரு கூட்டத்தை உண்டாக்கினார். மெதுவாகப் படிப்பவர்களுக்கான வகுப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. கடினமான கணக்குகளாகத் தேர்ந்து கொடுத்தார். வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். 1988இல் மேரிலாந்தில் தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டமும் பணத்தோடு நிறுத்தாமல், கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே பிள்ளைகளை ஒன்றாகத் தங்கவைத்துச் சேர்ந்து படிக்கப் பழக்கியது.

படித்ததைச் சொல்வது சுலபம். செய்தபோது நான் கெடுத்த கதையையும் கேளுங்கள். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் புதன் மாலை வகுப்பு ஒன்று தொடங்கினேன். ‘கூடுதல் கவனம் தேவைப்படும் மாணவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முதல் வாரம் பதினெட்டுப் பேர் வந்தார்கள், குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாவது வாரம் மூன்று பேர். மூன்றாவது வாரம் நானும் மின்விசிறியும் மட்டும். ஒரு பெண் பிறகு சொன்னாள்: ‘மேடம், அந்தப் பலகை கேண்டீன் வழியில் இருக்கிறது.’

மறு வருடம் பட்டியலே போடவில்லை. ‘புதன்கிழமைக் கணக்கு’ என்று மட்டும் எழுதினேன். யார் வேண்டுமானாலும் வரலாம், தேர்வில் வராத அளவுக்குக் கடினமான மூன்று கணக்குகள், நான்கு பேருக்கு ஒரு தாள், ஒரே பேனா. டீ உண்டு. யாரைக் கட்டாயம் வரவழைக்க வேண்டுமோ அவர்களிடம் மட்டும் தனியாகப் போய், ‘உனக்கு இது பிடிக்கும்’ என்று சொன்னேன். இப்போது இடம் போதவில்லை.

#10 முரளி_ஐரோலி | ஞாயிறு, மாலை 4.45

கதைகள் நன்றாக இருக்கின்றன, எண்ணும் வேண்டும் அல்லவா? 2023 டிசம்பரில் மக்களவையில் அரசு கொடுத்த பதிலின்படி, ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து விலகிய பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி மாணவர்கள் 13,500க்கும் மேல். ஆனால் வேறு படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறிப் போனவர்களும் இதில் இருக்கிறார்கள் என்று அதே பதிலில் இருக்கிறது. தோற்று வெளியேறியவர் எத்தனை பேர், நல்ல வேலை கிடைத்துப் போனவர் எத்தனை பேர் என்று பிரிக்காமல் இதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

#11 ஆயிஷா_சீத்தாகேம்ப் | ஞாயிறு, இரவு 8.10

முரளி அண்ணா, நான் இன்னும் எந்த எண்ணிலும் சேரவில்லை. சிவில் இரண்டாம் ஆண்டு, எல்லாப் பாடமும் தேறியிருக்கிறேன். ஆனால் எப்படித் தேறினேன் என்று எந்தக் கணக்கிலும் வராது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஒரே அறை. ஆறு பேர். முதலாண்டில் வரைபலகையை வைக்க மேசை இல்லை. தண்ணீர் டிரம்மின் மூடிமேல் வைத்து வரைவேன். யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் பலகையை அப்படியே இரண்டு கையால் தூக்கிக்கொண்டு நிற்பேன், அவர்கள் மொண்டு முடிக்கும்வரை. ஒருமுறை தம்பி கைகழுவிய தண்ணீர் தெளித்து ஒரு கோட்டின்மேல் மை பரவிவிட்டது. ‘சுத்தம் இல்லை’ என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். சரியாகத்தான் குறைத்தார்கள், தாள் அசுத்தமாகத்தான் இருந்தது.

கல்லூரி நூலகம் எட்டு மணிக்கு மூடும். அதன் பிறகு மான்குர்டு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீடு சேர ஒன்பதரை ஆகிவிடும். முதல் பருவத்தில் வீட்டில் சண்டை. பையன்கள் நூலகத்திலிருந்து விடுதிக்குப் போய் நடுராத்திரிவரை சேர்ந்து படிப்பார்கள். தேன்மொழி மேடம் சொல்கிற கூட்டம் இரவில் கூடுகிற கூட்டம். இரவு யாருக்கு இருக்கிறது? பெண்களுக்கு ஐஐடிகளில் 2018இலிருந்து கூடுதல் இடங்கள் உண்டாக்கினார்கள், நல்ல விஷயம்தான். இடத்தோடு இரவையும் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

என்னுடைய வழி: காலை ஆறு நாற்பது வண்டி. நாங்கள் நான்கு பெண்கள், ஹார்பர் லைனில் வேறு வேறு நிலையங்களில் ஏறுவோம், ஒரே பெட்டி. மான்குர்டிலிருந்து பாலம் தாண்டும்வரை ஒரு கணக்கு. இறங்கும்போது முடியவில்லை என்றால் வாஷி நடைமேடையில் பத்து நிமிடம் நிற்போம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் அக்கா வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் போவதாக இருந்தாள். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை நம்பியிருந்தாள். 2022-23இலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறாள். அவள் ‘விலகவில்லை’, சேரவே இல்லை. உங்கள் 13,500இல் அவளும் வரமாட்டாள்.

#12 முரளி_ஐரோலி | ஞாயிறு, இரவு 8.32

ஒப்புக்கொள்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை.

#13 மல்லிகா_சயான் | ஞாயிறு, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. ஆயிஷா, அந்த டிரம் என் கண்ணைவிட்டுப் போகாது. மொழியைப் பற்றி மட்டும் ஒன்று கேட்க வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇயில் முதன்மைத் தேர்வை 2021இலிருந்து தமிழிலும் எழுதலாம், ஆனால் ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். என் பையனுக்கு எழுத்து ஆங்கிலம் பரவாயில்லை, வாயைத் திறந்து கேள்வி கேட்கும் ஆங்கிலம் இல்லை. அவனை ஏதாவது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். ஆலோசகர் ஒருவரிடமும் நேரம் கேட்டிருக்கிறேன்.

#14 தம்பியின்_அக்கா | திங்கள், காலை 6.15

டீச்சர், வணக்கம். இதற்காகவே இன்று இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். நீங்கள் எழுதியிருக்கும் பையனின் அக்கா நான்.

எங்கள் அப்பா என்ன விற்கிறார், எத்தனை மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறார், எந்த முனையில் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தொண்ணூறடிச் சாலையில் அது யார் என்று தெரியாதவர் உண்டா? நேற்று வாடிக்கையாளர் ஒருவர் அப்பாவிடமே, ‘பையன் ஃபெயிலாமே, இணையத்தில் போட்டிருக்கிறது’ என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அதுவரை தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள் என்று தெரியும். தேன்மொழி மேடம் சொன்ன கேண்டீன் வழிப் பலகைதான் இதுவும்.

நீங்கள் எல்லோரும் காரணம் தேடுகிறீர்கள். நான் நேற்று இரவு அவனிடமே கேட்டேன். அவன் சொன்னதை, எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்விக் கட்டணம் கிடையாது, உண்மை. விடுதிச் சாப்பாட்டுக்கு முன்பணம் உண்டு. அதற்கே கடன் வாங்கினோம். உதவித்தொகை இன்னும் வரவில்லை. போன முதல் வாரத்தில் டிராயிங் வகுப்புக்கு மினி டிராஃப்டர் என்ற வரைகருவியை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மறுபடி கேட்கக் கூடாது என்று மூன்று வாரம் வாங்காமலே இருந்திருக்கிறான். அதற்குள் ஐந்து தாள்கள் ஒப்படைத்திருக்க வேண்டும். பக்கத்து அறைப் பையன் தன்னுடைய வேலை முடிந்ததும் இரவு பன்னிரண்டுக்கு மேல் டிராஃப்டரைக் கொடுப்பானாம். விட்டுப்போன தாள்களை இவன் விடிய விடிய வரைவானாம். காலை எட்டு மணிக்குக் கணக்கு வகுப்பு. பாதி நாள் போகவில்லை, போன நாளில் தூங்கிவிட்டான். உங்கள் கணக்கு தோற்கவில்லை டீச்சர், அது எட்டு மணியில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மூன்றாவது பாடம் வேதியியல். அது அவனுக்கு எப்போதுமே பிடிக்காது, அதற்கு நான் சாக்குச் சொல்லவில்லை.

ஒரு டிராஃப்டர். யாராவது ஒருவர் முதல் வாரத்தில் ‘உன்னிடம் இருக்கிறதா’ என்று கேட்டிருந்தால் போதும்.

#15 மல்லிகா_சயான் | திங்கள், காலை 7.00

அம்மா, என்னை மன்னித்துவிடு. அந்த வரிகளை எடுத்துவிட்டேன். மாலை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேரில் பேசுகிறேன், நீ வேண்டாம் என்றால் வரவில்லை. அவனிடம் நான் ‘ஏன்’ என்று கேட்டேன். ‘என்ன நடந்தது’ என்று கேட்டிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் பழுது பார்க்கும் வேலை செய்தவள், பழுதான பொருளிடம் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆலோசகரையும் ஆங்கில வகுப்பையும் இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

#16 அன்பழகன்_முலுண்டு | திங்கள், காலை 9.20

அம்மணி, உதவித்தொகை வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அவனுடைய வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பது. பணம் நேராகக் கணக்குக்குத்தான் வரும். அதோடு, பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகை ஒன்று உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தங்குவது, சாப்பாடு, புத்தகம், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று அளவு உண்டு. அவன் எதற்கு விண்ணப்பித்தான், எந்த நிலையில் நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே போட வேண்டாம்.

#17 கரும்பலகை | திங்கள், காலை 10.40

அக்கா, தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் முதலாண்டில் கோட்டைவிட்டது நான்கு பாடம். எல்லாவற்றையும் பிறகு எழுதித் தேறினேன். அவன் ஜனவரியில் போவதற்கு முன்னால் என்னிடம் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசட்டும், தோன்றாவிட்டால் வேண்டாம். அந்த நிறுவனத்தில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவனை எனக்குத் தெரியும். அவனிடம் பழைய வினாத்தாள் கட்டு இருக்கிறது. தனியாகப் போட அவனுக்கு அலுப்பாக இருக்கிறதாம்.

#18 குமரேசன்_சாக்கிநாக்கா | திங்கள், மதியம் 1.15

நான் முதலில் எழுதியதில் எனக்கு இன்னும் பாதி உடன்பாடுதான். அதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

போனது டிராயிங் என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே வந்திருப்பேன். முதல் கோணப் படத்தையும் மூன்றாம் கோணப் படத்தையும் தாளில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் புரியாது. பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். என் பட்டறையில் வார்ப்பில் வந்த உடைசல் ஒரு மூட்டை கிடக்கிறது. ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, மேலிருந்து பார், முன்னாலிருந்து பார், பக்கவாட்டில் பார் என்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கை திருந்திவிடும். இருபத்தாறு வருடமாக வரைபடம் படித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன்.

ஞாயிறு காலை பத்துக்கு வரச் சொல்லுங்கள். அன்று வேலை கிடையாது, ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து உள்ளே வர வேண்டும்.

#19 தம்பியின்_அக்கா | திங்கள், இரவு 9.50

அண்ணாச்சி, கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, ‘இரண்டு பேராக வரலாமா என்று கேள்’ என்றான். அவனுடைய வகுப்புப் பையன் ஒருவன் கல்யாணில் இருக்கிறானாம். அவனுக்கும் டிராயிங் போய்விட்டது.

#20 குமரேசன்_சாக்கிநாக்கா | திங்கள், இரவு 9.58

வரட்டும். பென்சில் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். டிராஃப்டர் என்னிடம் இரண்டு இருக்கிறது.